ஒரு மீற்றர் அகலம்

நாலரைக்கு வாகனம்.
அதற்கு முன் புட்டு, சம்பல்,
தண்ணீர்ப் போத்தல் இரண்டு,
போனில் சார்ஜ் எண்பத்தொரு வீதம்.
போன் வீட்டில் நிற்கும்.
கண்ணிவெடிக் காணிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.
அந்த விதியால்தான் என் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று
பக்கத்து வளவு வதனியக்காவுக்குச் சொன்னேன்.
அவவின் மனுசன் மேசன் வேலைக்குப் போனோடு போய்விடுவார்.
அவவின் பொடியனும் எங்கள் மதுசிகாவும்
ஒரே திரையில் தலை முட்டுகிறார்கள்,
அவன் எட்டாம் ஆண்டு, இவள் ஆறு.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை.
குளக்கட்டில், மூன்றாவது மருதமரத்தடியில்
இரண்டு கோடு வரும்.
காற்றடித்தால் மூன்று என்கிறான் சின்னவன்.
ஒரு பக்கம் தண்ணீர்,
கட்டு முழுக்க யானை லத்தி.
வேலையிடத்தில் கழித்த தடிகள் பதினொன்று கேட்டு வாங்கி
வெள்ளை பூசி நட்டேன்.
இதுக்குள்ள இருக்கவேணும்.
பந்து வெளியில போனால், போனது போகட்டும்.
சொன்ன குரல் என்னுடையதாயில்லை,
காலையில் எங்களை வரிசையில் நிறுத்திச் சொல்லும்
சூப்பர்வைசரின் குரல்.

முழங்காலில் நிற்கிறேன்.
கருவி கத்துகிறது.
விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டுகிறேன்.
சோடா மூடி.
மறுபடி கத்துகிறது. மறுபடி சுரண்டல்.
துருப்பிடித்த ஆணி, யாருடைய கூரையிலோ இருந்தது.
முகக் கண்ணாடிக்குள் மூச்சு படர்கிறது.
ஒன்பது மணியாகியிருக்கும், பாடம் வந்திருக்கும்,
சின்னவன் தண்ணீர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.
இங்கே நினைக்கக் கூடாது.
கையை எடுத்து,
நினைத்து முடித்து,
பிறகு கையை வைக்கிறேன்.

இரண்டரைக்கு வீடு.
மூன்றாம் தடவையும் மழையை
‘மளை’ என்று எழுதினான்.
கொப்பியைப் பறித்து வாசலில் எறிந்தேன்.
அவன் அழவில்லை. பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
பொறுமைக்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.
வேலை முடிய
அதையும் கவச உடுப்போடு கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

“ஒரு பாதையின் நீளம் எட்டு மீற்றர்,
அகலம் ஒரு மீற்றர்.
பரப்பளவு யாது?”
எட்டுச் சதுர மீற்றர் என்றேன், கொப்பியைப் பாராமலே.
எப்பிடியம்மா டக்கெண்டு?
இண்டைக்கு அம்மா செய்தது அவ்வளவுதான்,
விடியத் தொடங்கி மத்தியானம் மட்டும்.
மதுசிகா விடையை எழுதிவிட்டுப் பேனையைக் கடித்தாள்.
செய்கை காட்டவேணும் அம்மா,
வெறும் விடைக்கு ரீச்சர் புள்ளி குறைப்பா.

இரவு, பிள்ளைகள் படுத்தபின்
ரெஜினா ரீச்சரின் குரல்பதிவைப் போட்டேன்.
நேற்று இரவு பதினொன்று நாற்பதுக்கு அனுப்பியிருக்கிறா,
இன்று கட்டில் ஏறியபோது வந்து சேர்ந்தது.
மன்னிக்கவேணும் பிள்ளையள், பிந்திப்போச்சு.
இனி முக்கோணியைப் பார்ப்பம்.
முக்கோணிக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமுகிறது.
அடுப்பில் ஏதோ பொங்கி வழிந்து சீறுகிறது.
ஒரு நிமிசம் எண்டு சொல்லிப் போய்
நாற்பது செக்கன் கழித்து வந்து
விட்ட கோணத்திலிருந்து தொடங்குகிறா.

மூன்று தரம் கேட்டேன். கணிதத்துக்கு இல்லை.
பிள்ளைக்குச் சளி நெஞ்சில் நிற்கிறது.
பொத்தானை அமத்திப் பிடித்து,
ரீச்சர், நான் மதுசிகாவின்ர அம்மா,
கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழிஞ்சு குடுத்துப் பாருங்கோ,
என்றேன்.
வேறு என்னவோ சொல்ல இருந்தது, நாய் குரைத்தது, விரலை எடுத்துவிட்டேன்.
அது அனுப்பப்படாமல் நிற்கிறது.
நாளை எட்டு மணிக்குப் பிள்ளைகள் கட்டேற
அதுபாட்டில் போகும்.
நான் அப்போது எங்கேயோ ஒரு மூடியைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

சார்ஜ் ஒன்பது வீதம். குத்திவிட்டு
வாசலில் கிடந்த கொப்பியை எடுத்துத் தட்டினேன்.
பின்னேரம் எண்ணிப் பார்த்தபோது
வெள்ளைத் தடி பத்துத்தான் நின்றது.
யானையா, கிரிக்கெட்டா என்று
இன்னும் விசாரிக்கவில்லை.